வேலைக்கு நடுவே கொஞ்சம் பாட்டு

(இரண்டாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை மாணவர்)



"எந்நேரமும் பாட்டு கேட்டுக்கிட்டே இருந்தா படிப்பு எங்கடா மண்டையில ஏறும்?" இந்தக் கேள்வியை வாங்காத ஒருத்தராவது நம்ம பாலிடெக்னிக்கில் உண்டா? பாட்டு என்றால் வெட்டிப் பொழுது, வேலை என்றால் வாயை மூடிக்கொண்டு செய்வது. பெரியவர்கள் போட்டு வைத்திருக்கும் கோடு இதுதான். ஆனால் ஒரு நாடு, அதுவும் தலைக்கு மேல் குண்டு விழுந்துகொண்டிருந்த நேரத்தில், வேலை ஒழுங்காக நடக்க வேண்டும் என்பதற்காகவே தொழிற்சாலைக்குள் பாட்டுப் போட்டது. அந்தக் கதையைச் சொல்லி, அங்கிருந்து கொழும்பு வழியாக நம்ம ஓசூருக்கு வந்து, கடைசியில் நம் மாணவர் பேரவைக்கு ஒரு மனுவும் போடலாம் என்று இருக்கிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

பிரிட்டிஷ் வானொலியில் ஒரு நாள்

இரண்டாம் உலகப் போர். பிரிட்டனின் ஆலைகள் இரவு பகலாக ஓடின. ஆண்கள் போர்முனைக்குப் போய்விட, லேத்திலும் டிரில்லிங் மெஷினிலும் பெண்கள் நின்றார்கள். ஒரே வேலை, ஒரே சத்தம், மணிக்கணக்கில். அலுப்பு வந்தால் கை தளரும், கை தளர்ந்தால் விபத்து. அப்போது, 1940 ஜூன் 23 அன்று, பி.பி.சி. ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கியது. பெயர் 'மியூசிக் ஒயில் யூ ஒர்க்'. வேலை செய்துகொண்டே கேட்கும் இசை! காலையில் அரை மணி, பிற்பகலில் அரை மணி. பிறகு நைட் ஷிப்ட்காரர்களுக்காக இரவிலும் ஒரு அரை மணி.

சும்மா ஏதோ பாட்டுப் போட்டார்கள் என்று நினைக்காதீர்கள். அதற்கென்று விதிகள் வைத்திருந்தார்கள். மெட்டு தெளிவாகக் கேட்க வேண்டும். சத்தம் திடீரென்று ஏறவோ இறங்கவோ கூடாது, ஏனென்றால் மெதுவாக வாசிக்கிற இடம் மெஷின் இரைச்சலில் காணாமல் போய்விடும். தூக்கம் வரவழைக்கிற இழுவைப் பாட்டு கூடாது. இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். டெக்சாஸ் மாநிலத்தைப் பற்றிய ஒரு அமெரிக்கப் பாட்டு அப்போது ரொம்பப் பிரபலம். அதில் நடுநடுவே கைதட்டல் வரும். நம்ம ஆட்கள் கையில் ஸ்பேனரும் சுத்தியலும் இருந்தால் சும்மா இருப்பார்களா? கைதட்டலுக்குப் பதிலாக ஒர்க் பெஞ்சிலும் மெஷின் மேலேயும் போட்டுத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். அந்தப் பாட்டுக்கு அந்த நிகழ்ச்சியில் தடை! நம்ம ஃபிட்டிங் ஷாப்பில் ஒரு குத்துப்பாட்டைப் போட்டால் வைஸ் எல்லாம் என்ன கதி ஆகும் என்று கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்.

1941-ல் இன்னொன்று தொடங்கியது. 'ஒர்க்கர்ஸ் பிளேடைம்'. பாடகர்களும் நகைச்சுவைக் கலைஞர்களும் ஏதாவது ஒரு ஆலையின் கேன்டீனுக்கே நேரில் போவார்கள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கிருந்தே ஒலிபரப்பு. எந்த ஊர், எந்த ஆலை என்று மட்டும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் எதிரி விமானத்துக்கு முகவரி கொடுத்த மாதிரி ஆகிவிடும் அல்லவா? இதைத் தயாரித்தவர் பெயர் பில் கேட்ஸ். (கம்ப்யூட்டர்காரர் இல்லை, அவர் அப்போது பிறக்கவே இல்லை!) ஒவ்வொரு நிகழ்ச்சியையும் தொழிலாளர் எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்லித்தான் முடிப்பாராம். போர் முடிந்த பிறகும் இது நிற்கவில்லை. 1964 வரை நடந்தது.

போர் முடிந்ததும், 1945 ஜூலை 29 அன்று, 'லைட் புரோகிராம்' என்று ஒரு முழு அலைவரிசையே வந்தது. லேசான நிகழ்ச்சிகளுக்கென்றே ஒரு வானொலி. அதன் ஒரு நாளைப் பாருங்கள். காலையில் வீட்டுப் பெண்கள் அஞ்சலட்டையில் எழுதிக் கேட்ட பாட்டுகள். பிறகு ஆலைக்காரர்களின் இசை. 1950 முதல், மதியம் சின்னப் பிள்ளைகள் அம்மாவோடு உட்கார்ந்து கேட்கும் கதை. 1946-ல் தொடங்கிய பெண்கள் நேரம். ஒரு டாக்டரின் மனைவி நாட்குறிப்புச் சொல்வது போல ஒரு தொடர் நாடகம். 1951 முதல் மாலையில் 'தி ஆர்ச்சர்ஸ்' என்ற கிராமத்து நாடகம். விளைச்சலைப் பெருக்கும் வழிகளை விவசாயிகளுக்குக் கதையோடு கதையாகச் சொல்லிக்கொடுக்கத்தான் அதைத் தொடங்கினார்கள். அது இன்றைக்கும் பி.பி.சி.யில் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஞாயிறு மதியம் வரும் நிகழ்ச்சிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஜெர்மனியில் தங்கியிருந்த சிப்பாய்களும் ஊரில் இருந்த அவர்கள் குடும்பமும் ஒருவருக்கொருவர் பாட்டுக் கேட்டு அனுப்புவார்கள். லண்டனில் ஒரு அறிவிப்பாளர், ஜீன் மெட்காஃப். ஹாம்பர்க்கில் இன்னொருவர், கிளிஃப் மிச்செல்மோர். லைனில் பேசிப் பேசி, குரலிலேயே பழகி, 1950-ல் இருவரும் கல்யாணமே செய்துகொண்டார்கள். (தொடர்பியல் துறை என்றால் சும்மாவா!)

லைட் புரோகிராம் 1967 செப்டம்பர் 30-ந் தேதியோடு முடிந்தது. அதன் இடத்தில் ரேடியோ ஒன்று, ரேடியோ இரண்டு வந்தன.

கொழும்பிலிருந்து வந்த குரல்

சரி, அது வெள்ளைக்காரன் ஊர். நமக்கு என்ன இருந்தது?

நமக்கு இலங்கை வானொலி இருந்தது! இதுவும் போரில் முளைத்ததுதான். தென்கிழக்கு ஆசியப் போர்முனைச் சிப்பாய்களுக்காக, மவுண்ட்பேட்டன் பிரபுவின் தலைமையகம் கொழும்பு பக்கத்தில் சக்தி வாய்ந்த டிரான்ஸ்மிட்டர் வைத்து ஒலிபரப்பியது. போர் முடிந்ததும் அது இலங்கை அரசின் கைக்கு வந்தது. 1950-ல் வர்த்தக சேவை தொடங்கியது.

அதே நேரத்தில் நம் நாட்டில் என்ன நடந்தது? 1952-ல் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கர், சினிமாப் பாட்டு மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று நினைத்தார். அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டு குறுகிப் போனது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? ரசனையைத் திருத்திக்கொள்ளவில்லை, முள்ளைத் திருப்பினார்கள்! நாடு முழுக்க ரேடியோ முள் கொழும்பில் போய் நின்றது. கடைசியில் 1957 அக்டோபரில் அரசாங்கமே 'விவித் பாரதி'யைத் தொடங்க வேண்டியதாயிற்று.

தமிழில் அந்தக் கொழும்புக் குரல்கள் நம் தாத்தா பாட்டி எல்லோருக்கும் தெரிந்தவை. முதலில் எஸ்.பி. மயில்வாகனம். பிறகு கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீத். காலையில் 'பொங்கும் பூம்புனல்', பிள்ளைகளுக்குப் 'பிறந்தநாள் வாழ்த்து', 'நீங்கள் கேட்டவை', 'இசையும் கதையும்', 'பாட்டுக்குப் பாட்டு', தூங்கப் போகையில் 'இரவின் மடியில்'. லண்டன்காரர்களுக்கு லைட் புரோகிராம் எப்படியோ, நம்ம ஜனங்களுக்கு இது அப்படி.

இதில் நம்ம பாடமும் இருக்கிறது. ஓசூரிலிருந்து கொழும்பு நேர்கோட்டில் ஏறக்குறைய 700 கிலோமீட்டர். நடுவில் மலை, கடல். ஆனாலும் சிற்றலை மேலே போய் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நம்ம வீட்டுக் கூரைக்கு வந்து இறங்கும். மத்திய அலையைப் பகலில் அடி அடுக்கு விழுங்கிவிடும். பொழுது சாய்ந்தால் அந்த அடுக்கு மறையும், தூரத்து நிலையமும் கேட்க ஆரம்பிக்கும். "சாயங்காலம் ஆனாத்தான் சிலோன்காரன் கிட்ட வருவான்" என்று எங்க ஆயா சொல்லும். ஆயாவுக்கு டி லேயர் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் நான் இரண்டாம் செமஸ்டரில் படித்ததை அது நாற்பது வருஷத்துக்கு முன்பே கண்டுபிடித்து வைத்திருந்தது.

எங்கள் வீட்டு டிரான்சிஸ்டர்

எங்கள் ஊர் சூளகிரிக்கும் ராயக்கோட்டைக்கும் நடுவில் ஒரு சின்ன ஊர். மானாவாரி நிலம். கேழ்வரகு, கொள்ளு, மழை வந்தால் நிலக்கடலை. ஓசூரில் சிப்காட் வளர்ந்த காலத்தில், ஆலைகளுக்குக் கட்டடம் கட்டுகிற இடத்தில் தாத்தா சித்தாள் வேலைக்குப் போனார். அந்தக் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியதுதான் எங்கள் வீட்டு டிரான்சிஸ்டர்.

அப்போதெல்லாம் ரேடியோ வைத்திருந்தால் லைசென்ஸ் எடுக்க வேண்டும். போஸ்ட் ஆபீசில் ஒரு புத்தகம் கொடுப்பார்கள். வருஷா வருஷம் பணம் கட்டினால் அதில் முத்திரை குத்திக் கொடுப்பார்கள். 1980-களின் நடுவில் இந்த லைசென்ஸ் முறையை எடுத்துவிட்டார்கள். ஆனால் எங்க தாத்தாவின் புத்தகம் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத ஒரு மனுஷனின் பெயரை, அப்பா பெயரோடு, ஊர் பெயரோடு, அரசாங்கம் மை போட்டு எழுதிக் கொடுத்த புத்தகம். அதைத் தாத்தா பட்டாவுக்குப் பக்கத்தில் வைத்திருந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்க ஆயா படிக்கவில்லை. அதற்குத் தமிழ் பேச வரும், பக்கத்து வீட்டாரோடு தெலுங்கு பேச வரும், சந்தைக்குப் போனால் கன்னடமும் வரும். எழுத்து மட்டும் எந்த மொழியிலும் வராது. பேங்கிலும் ஆபீசிலும் அதை யாரும் 'வாங்க' என்று கூப்பிட்டதில்லை. "ஏம்மா, தள்ளி நில்லு" என்பதுதான் அதுக்குக் கிடைத்த மரியாதை. ஆனால் சாயங்காலம் அடுப்புப் பக்கத்தில் டிரான்சிஸ்டரைத் திருகினால், கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் சுத்தமான தமிழில் 'நேயர்களே' என்று கூப்பிடுவார். "அவரு நம்மளத்தான் சொல்றாரு கண்ணு" என்று ஆயா இன்றைக்கும் சொல்லும்.

அப்பா எட்டாவது வரை படித்தவர். அவருக்குப் பதினாலு வயசிருக்கும்போது, ஆயா சொல்லச் சொல்ல, பாட்டு கேட்டுக் கொழும்புக்கு ஒரு கடுதாசி எழுதிப் போட்டாராம். வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். எங்கள் பெயர் வரவே இல்லை. ஆனால் ஒரு நாள், பாட்டு கேட்டு எழுதியிருந்தவர்களின் வரிசையில் யாரோ ஒருவரின் பெயருக்குப் பின்னால் 'கிருஷ்ணகிரி' என்று அறிவிப்பாளர் சொல்லிவிட்டார்! அவ்வளவுதான், ஆயா மறுநாள் களை எடுக்கிற இடத்தில் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறது: "நம்ம ஊர் பேரை சிலோன்ல சொல்லிட்டாங்கடி!"

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நம்மைச் சிரிக்க வைத்த அந்தக் குரல்களின் நாடு அப்போது எரிந்துகொண்டிருந்தது. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கான ஈழத்தமிழர்கள் அகதிகளாகத் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். நம் மாவட்டத்திலும் முகாம்கள் அமைந்தன. அத்தனைக்கும் நடுவில் மைக் முன்னால் உட்கார்ந்து ஒருவர் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். குண்டு விழுந்த லண்டனிலும் இதே கதைதான். லேசான நிகழ்ச்சி என்று நாம் சொல்கிறோம். அதைச் செய்தவர்களின் நாள் லேசாக இருந்ததில்லை.

ஓசூர் இரைச்சல்

இப்போது நம்ம ஊருக்கு வருவோம். எங்க அப்பா இருபது வருஷத்துக்கு மேல் ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டினார். தகட்டை வைக்கணும், பெடலை மிதிக்கணும், டமார்! மறுபடி வைக்கணும், மிதிக்கணும், டமார்! எட்டு மணி நேர வேலையில் சராசரி இரைச்சல் 90 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று நம் நாட்டுத் தொழிற்சாலை விதிகள் சொல்கின்றன. அந்தப் பட்டறையில் டெசிபலை யார் அளந்தார்கள்? காதடைப்பான் என்று ஒரு பொருள் இருப்பதே அப்பாவுக்கு நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகு என் மூலமாகத்தான் தெரியும்.

இப்போது அப்பாவுக்குக் காது மந்தம். அவர் சொல்வது என்ன தெரியுமா? "சத்தம் விழுதுடா, பேச்சுதான் புரியல." இது ரொம்பச் சரியான விளக்கம். இரைச்சலில் கெடும் காது முதலில் உயர் அதிர்வெண்களைத்தான் இழக்கும். 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் பள்ளம் விழும். ச, த, க போன்ற ஒலிகளின் கூர்மை அங்கேதான் இருக்கிறது. உள்காதில் இருக்கும் நுண்மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் திரும்ப முளைக்காது. நான் இந்தத் துறையில் படிப்பதால் இதைப் பற்றி எழுத முடிகிறது. அப்பாவின் காதைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

ஒரு நாள் என் போனில் பழைய இலங்கை வானொலி ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டேன். டி.வி.யில் பாதி புரியாத அப்பாவுக்கு அது வார்த்தை வார்த்தையாகப் புரிந்தது! காரணம் இருக்கிறது. அந்த அறிவிப்பாளர்கள் சிற்றலையின் இரைச்சலைத் தாண்டிப் பேசப் பழகியவர்கள். ஒவ்வொரு எழுத்தையும் முழுசாக உச்சரிப்பார்கள், ஒரு சொல்லை இன்னொரு சொல் மேல் ஏற்ற மாட்டார்கள். மோசமான ரேடியோ வைத்திருக்கிற ஏழைக்கும் புரியணும் என்று பேசினார்கள். அது கெட்டுப்போன காதுக்கும் புரிகிறது. மெட்டு தெளிவாக இருக்கணும் என்று பி.பி.சி. வைத்த விதியும் இதுவேதான். தெளிவாகப் பேசுவது வெறும் ஸ்டைல் அல்ல நண்பர்களே, எதிராளிக்குக் கொடுக்கும் மரியாதை.

அதற்காக அந்தக் காலம் எல்லாமே நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. 'மியூசிக் ஒயில் யூ ஒர்க்' தொழிலாளி மேல் இருந்த பாசத்தில் மட்டும் வந்ததல்ல, உற்பத்தி குறையாமல் இருப்பதற்காகவும் வந்தது. கொழும்பு வர்த்தக சேவை விளம்பரப் பணத்துக்காக வந்தது. ஆனால் கொடுத்தவன் கணக்கு ஒன்று, கேட்டவனுக்குக் கிடைத்தது இன்னொன்று. மெஷினுக்கு முன்னால் தனியாக நிற்கும் ஒருத்திக்கு, இதே நிமிஷத்தில் இதே பாட்டை இன்னும் எத்தனையோ ஆலைகளில் கேட்கிறார்கள் என்ற எண்ணம் ஒரு துணை.

இன்று நமக்குப் பாட்டுக்குப் பஞ்சமில்லை. இந்தியாவின் முதல் தனியார் பண்பலை 2001 ஜூலை 3-ல் பெங்களூரில் தொடங்கியது. ஜூஜூவாடி எல்லையில் நின்றால் கன்னடம், இந்தி, தமிழ் எல்லாம் காற்றில் கலந்து வரும். போனில் கேட்டால் உலகத்துப் பாட்டு அத்தனையும் வரும். ஆனால் காலை ஷிப்ட் கம்பெனி பஸ்ஸைக் கவனித்திருக்கிறீர்களா? ஐம்பது பேர், ஐம்பது இயர்போன், ஐம்பது பாட்டு. பக்கத்து சீட்டில் இருப்பவர் தென்கனிக்கோட்டையா ஒடிசாவா என்றுகூடத் தெரியாது.

பேரவைக்கு ஒரு வேண்டுகோள்

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு நான் வைக்கும் கோரிக்கை இது: மதிய இடைவேளையில் அரை மணி நேரம் நமக்கென்று ஒரு ஒலிபரப்பு வேண்டும். லண்டனிலும் கொழும்பிலும் கற்றதை வைத்து ஐந்து விதிகள் சொல்கிறேன்.

ஒன்று: பாட்டு கேட்டு எழுதுபவரின் பெயரையும் ஊரையும் முழுசாக, மரியாதையோடு வாசிக்க வேண்டும். கேன்டீன் அக்காவும் வாட்ச்மேன் தாத்தாவும்கூட சீட்டு எழுதிப் போடலாம். எழுதத் தெரியாதவர்களுக்கு நாம் எழுதிக் கொடுப்போம்.

இரண்டு: தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலுக்கும் இடம் வேண்டும். நம் வகுப்பில் இந்த நாலும் இருக்கிறது.

மூன்று: நடுவில் ஐந்து நிமிஷம் உபயோகமான செய்தி. 'ஆர்ச்சர்ஸ்' நாடகம் விவசாயம் சொன்னது போல, நாம் அப்ரண்டிஸ் விதிகள், சம்பளச் சீட்டைப் படிப்பது எப்படி, காதடைப்பான் எதற்கு என்று சொல்லலாம்.

நான்கு: சத்தம் அளவோடு. ஒர்க் ஷாப்பில் மெஷின் ஓடும்போது ஸ்பீக்கர் கிடையாது.

ஐந்து: அறிவிப்பாளர் வாரத்துக்கு ஒருவர் மாற வேண்டும். நன்றாகப் பேசுபவர்களுக்கே எப்போதும் மைக் போகக் கூடாது.

இந்த ஐந்தாவதுதான் முக்கியம். நம்மில் பாதிப் பேர் வீட்டில் முதல்முதலாகப் படிக்க வந்தவர்கள். தியரி தெரியும், லேத்தில் கை ஓடும். ஆனால் கேம்பஸ் இன்டர்வியூவில் "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றதும் தொண்டை அடைத்துக்கொள்ளும். என் சீனியர் ஒருவர், செமஸ்டருக்குச் செமஸ்டர் முதல் மார்க் வாங்கியவர், அந்த ஒரு கேள்வியில் தலைகுனிந்து வெளியே வந்ததை நான் பார்த்தேன். அவருக்குக் குறைவாக இருந்தது அறிவு இல்லை. நாலு பேர் கேட்க அவர் அதற்கு முன்பு பேசியதே இல்லை. அரை மணி நேர மைக் அந்தக் கூச்சத்தை உடைக்கும்.

ஆம்பிளிஃபயர் எங்கள் லேபில் இருக்கிறது. ஹாரன் ஸ்பீக்கர் இரண்டு ஸ்டோர் ரூமில் தூசி பிடித்துக் கிடக்கிறது. ஒயர் இழுக்க, சால்டர் வைக்க எங்கள் துறையில் ஆள் இருக்கிறோம். பேரவை 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், திங்கட்கிழமையே ஆரம்பித்துவிடலாம்.

முதல் சீட்டை நானே எழுதி வைத்துவிட்டேன். அதில் இருப்பது எங்க ஆயாவின் பெயர்.